குரலை வைத்து ஆளை அடையாளம் காண்பது: கேள்வி பதில்

கேள்வி: பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. அதற்கு என்ன சொன்னார்கள் என்பது வேண்டும், யார் சொன்னாலும் சரி. இதற்கு யார் சொன்னார் என்பதுதான் வேண்டும்.

கேள்வி: சார், குரலில் கணினி அப்படி எதைத்தான் பார்க்கிறது?

பதில்: பதிவைச் சுமார் 25 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பார்க்கும். தொண்டை, வாய், மூக்கு இவற்றின் அளவும் வடிவமும் அதில் தெரியும். பிறகு நியூரல் நெட்வொர்க் (ஏராளமான குரல் பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாடல்) எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே எண்வரிசையாகச் சுருக்கும். 2018இல் வந்த எக்ஸ்-வெக்டர் முறையில் 512 எண்கள். இரண்டு பதிவுகளின் வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்பதுதான் மதிப்பெண்.

கேள்வி: அண்ணா, எனக்கு 0.82 வந்தது. 82 சதவீதம் அதே ஆள் என்று சொல்லிவிடலாமா?

பதில்: தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தத் துறையில் எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். அது இரண்டு எண்வரிசைகளுக்கு இடையே உள்ள கோணத்தின் கொசைன், அதாவது அவை எவ்வளவு ஒரே திசையில் இருக்கின்றன என்ற அளவு; நிகழ்தகவு அல்ல. மாடலை மாற்றினால் அதே ஜோடிக்கு வேறு எண் வரும். உங்கள் பதிவுகளைப் போலவே அதே மொழி, அதே மாதிரி மைக், அதே நீளம் உள்ள பதிவுகளைச் சேகரியுங்கள். ஒரே ஆளின் ஜோடிகளுக்கு 0.82 எவ்வளவு அடிக்கடி வருகிறது, வெவ்வேறு ஆட்களின் ஜோடிகளுக்கு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று எண்ணுங்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் சாட்சியத்தின் எடை. 1962இல் லாரன்ஸ் கெர்ஸ்டா, குரலின் அதிர்வெண் படத்தை (ஸ்பெக்ட்ரோகிராம்) கைரேகைபோல நம்பலாம் என்ற கருத்தை நேச்சர் இதழில் முன்வைத்தார். 1979இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் குழு, நீதிமன்றத்தில் இதைப் பயன்படுத்த மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்றது. சளி, கோபம், வயது எல்லாமே குரலை மாற்றும். ஒருவர் சிறைக்குப் போகும் விஷயத்தில் ஒற்றை எண்ணை நீட்டக் கூடாது.

கேள்வி: ஒரே ஆள்தான். தொலைபேசிப் பதிவையும் ஸ்டூடியோ பதிவையும் ஒப்பிட்டால் மதிப்பெண் இறங்குகிறதே?

பதில்: பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். 'ஸ' போன்ற ஒலிகளின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது, அது போய்விடும். ஸ்டூடியோ பதிவையும் அதே பட்டைக்குக் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக் செய்யும் சேதம் அப்போதும் மிச்சமிருக்கும்.

கேள்வி: எவ்வளவு நீளப் பேச்சு வேண்டும்?

பதில்: மௌனம், இருமல், அடுத்தவர் குறுக்கீடு எல்லாம் கழித்து 30 விநாடி தேறினால் நல்லது. மூன்று விநாடி 'ஹலோ, ஆமா' வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: குளோன் செய்த குரல், அதாவது ஒருவர் குரலைப்போலக் கணினி உருவாக்கிய குரல், இதை ஏமாற்றுமா?

பதில்: ஏமாற்றும். குளோன் செய்யும் மாடல்கள் பலவும் இதே மாதிரி எண்வரிசையைப் பிடித்துக்கொண்டுதான் குரலை உருவாக்குகின்றன. அதனால் போலியைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு மாடல் வேண்டும். 2015 முதல் ஏஎஸ்வி-ஸ்பூஃப் என்ற ஆய்வுப் போட்டியே இதற்காக நடக்கிறது. பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்குக் குரலோடு கடவுச்சொல்லோ வேறு சரிபார்ப்போ கட்டாயம் வையுங்கள்.