அடிச்சுவரில் உப்பு, உதிரும் செங்கல்: கேள்வி பதில்

சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீடுகளின் அடிச்சுவர் குறித்து வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (மயிலாப்பூர்): எண்பது வருஷ வீடு சார். தரையிலிருந்து மூன்றடி வரை உப்பு பூத்து பெயிண்ட் உரிந்தது. பழைய காரையைத் தட்டிவிட்டு சிமெண்ட் பூசினோம். இப்போது நாலரை அடிக்கு ஏறிவிட்டது. வாட்டர்ப்ரூஃப் கெமிக்கல் கலந்து மறுபடி பூசலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஓதத்தை (தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரத்தை) நாலரை அடிக்கு ஏற்றிவிட்டதே அந்த சிமெண்ட் பூச்சுதான். மண்ணின் ஈரம் செங்கலின் நுண்துளைகள் வழியாக ஏறும். சுவர்ப்பரப்பில் ஆவியாகிற அளவு, ஏறுகிற அளவுக்கு ஈடாகும் உயரத்தில் நின்றுவிடும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஆவியை வெளியே விடும். சிமெண்ட் அடைத்துவிடுவதால் ஈரம் இன்னும் மேலே போய் வழி தேடுகிறது. கெமிக்கல் பூச்சு, டைல்ஸ், கிரானைட் எதை ஒட்டினாலும் இதேதான் நடக்கும். உள்ளே செங்கல் கரைவது கண்ணில் படாது என்பது மட்டுமே வித்தியாசம்.

செங்கல்லைத் தொடுவதற்கு முன் வெளியே போய்ப் பாருங்கள். வெளி மண்மட்டம் வீட்டுத் தரையைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். சென்னையில் தெருவை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பல பழைய வீடுகளில் இந்த அளவு தலைகீழாகிவிட்டது. சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளத்தை ஓரடி அகலத்துக்கு வெட்டி எடுங்கள். ஓரடி ஆழம் தோண்டி, வீட்டை விட்டு விலகிச் சரிகிற மாதிரி ஓட்டைக் குழாய் வைத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டவே கூடாது.

கேள்வி: குழாய்க் கசிவா, தரை ஓதமா, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: சுவர் நெடுக ஒரே உயரத்தில் பட்டையாக இருந்தால் தரை ஓதம். ஓரிடத்தில் திட்டாக இருந்தால் குழாய், கழிவறை, மாடி மழைநீர்க் குழாய் என்று தேடுங்கள். கோடையிலும் காயாத திட்டு பெரும்பாலும் குழாய்தான்.

கேள்வி (நாகப்பட்டினம்): செங்கல் இரண்டு அங்குல ஆழத்துக்கு அரித்துவிட்டது அண்ணே. விரலால் சுரண்டினால் பொடியாக வருகிறது. பதினாலு அங்குலச் சுவர். மொத்தமாக இடித்துத்தான் கட்ட வேண்டுமா?

பதில்: இடிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில் நீளமாக உடைத்துத் திறந்துவிட்டால் மேல்சுவர் இறங்கிவிடும். அரை அங்குலத்துக்குள் அரித்த கல்லை விட்டுவிடுங்கள், பூச்சே மூடிக்கொள்ளும். அதற்கு மேல் போனதை மட்டும் மாற்றுங்கள். மேலே உத்திரம் உட்காரும் இடமென்றால் முதலில் முட்டுக் கொடுங்கள்.

ஒரு தடவைக்கு இரண்டடி நீளம், மூன்று வரி உயரம் போதும். அடுத்த திறப்புக்கு நாலடி தள்ளிப் போங்கள். கடப்பாரையும் கட்டிங் மெஷினும் வேண்டாம், அதிர்ச்சியில் நல்ல காரையும் விட்டுப்போகும், உளியும் கைச்சுத்தியும்தான். புதுக் கல்லைக் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறவைத்து, பழைய சுவரையும் நனைத்துக் கட்டுங்கள். மூன்றாவது வரியில் சில கற்களைக் குறுக்கே செருகிப் பின்சுவரோடு பிணைக்க வேண்டும்.

கொத்தனார்கள் அதிகம் கோட்டைவிடுவது மேல்வரிச் சந்தில், அதாவது புதுக் கல்லுக்கும் அதன் மேலுள்ள பழைய சுவருக்கும் நடுவே. அங்கே கலவையை வெறுமனே அப்பினால், அது காய்ந்து சுருங்கி மயிரிழை இடைவெளி விழும். மேல்பாரம் புதுக் கல்லுக்கு வராமல் பக்கத்துப் பழைய கல்லிலேயே ஏறும். கெட்டிக் கலவையோடு செங்கல் சில்லுகளைச் செருகித் தட்டி இறுக்குங்கள். பத்து நாளாவது போனபிறகு பக்கத்துத் துண்டைத் திறக்கலாம்.

கல் வாங்கும்போது ஒன்றை நன்கு காயவைத்து எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் வைத்து மறுபடி போடுங்கள். எடை ஏற்றம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது இந்தியத் தரநிலை அளவு. அதற்காக ஒரேயடியாகக் கெட்டிக் கல்லும் தேடாதீர்கள். அது உறிஞ்சாத ஈரமும் உப்பும் பக்கத்துப் பழைய கல்லுக்குப் போகும்.

கேள்வி: கலவை அளவு சொல்லுங்கள். கடுக்காய் சேர்க்க வேண்டுமா?

பதில்: ஊறிய சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, சலித்த மணல் 2. கல்சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றி (தண்ணீரைச் சுண்ணாம்பின் மேல் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும்), சலித்து, குறைந்தது இரண்டு வாரம் நீருக்கடியில் வையுங்கள். கடையில் மூட்டையாகக் கிடக்கும் பழைய சுண்ணாம்புத் தூள் காற்றுப்பட்டு செத்துப்போயிருக்கும். ஒரு ஸ்பூன் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள், பொங்கி நுரைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செங்கல் தூள் சுமாராக வெந்த கல்லில் அரைத்ததாக இருக்கட்டும். கறுக்க வெந்த கல் சுண்ணாம்போடு சேராது.

கடுக்காயும் வெல்லமும் கட்டாயமில்லை. கை பழகிய கொத்தனார் இருந்தால் சேருங்கள், வெல்லம் மிஞ்சினால் பூஞ்சை பிடிக்கும். ஆனால் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். உப்பு போர்வெல் தண்ணீரில் கலந்தால் நீங்களே சுவருக்குள் உப்பு ஏற்றுகிறீர்கள்.

சந்து நிரப்ப, சந்தின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, குறைந்தது ஓர் அங்குலம், ஆழத்துக்குச் சுரண்டி எடுத்து நனைத்து அடையுங்கள். பூச்சு ஒரு கைக்கு 10 மி.மீ. தாண்ட வேண்டாம். ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும்.

கேள்வி: உப்பை ஆசிட் விட்டுக் கழுவலாமா?

பதில்: கூடாது. ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும், புதிதாக குளோரைடு உப்பையும் விட்டுப்போகும். தண்ணீரில் கழுவினாலும் உப்பு கரைந்து உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, பொடியைக் கீழே விடாமல் அள்ளி எறியுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழை அரை அங்குலத் தடிமனில் அப்பி, காய்ந்ததும் உரியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் மேலாக இருக்கும் உப்பு வந்துவிடும்.

கேள்வி: துளைபோட்டு மருந்து ஏற்றும் முறை பலன் தருமா?

பதில்: வெளி மண்மட்டத்தைச் சரிசெய்த பிறகும் ஓதம் தொடர்ந்தால் தரும். மண்மட்டத்துக்கு ஆறு அங்குலம் மேலே, ஒரே காரைச் சந்து நெடுக, 12 மி.மீ. துளைகள், நாலு ஐந்து அங்குல இடைவெளியில். சுவர்த் தடிமனில் ஒன்றரை அங்குலம் விட்டு மீதி ஆழத்துக்குத் துளைத்து, சிலேன் கிரீம் (நீரை ஒட்டவிடாத மருந்து) நிரப்ப வேண்டும். நடுவே மண்ணும் கல்லுமாக நிரப்பிய சுவரென்றால் மருந்து எங்கோ போய்விடும், காசு வீண். மேலே ஏற்கெனவே ஏறிய உப்பு அப்படியே இருக்கும் என்பதால் பழைய பூச்சை எப்படியும் எடுக்கத்தான் வேண்டும்.

கேள்வி: எப்போது பெயிண்ட் அடிக்கலாம்? வீட்டில் அவசரப்படுத்துகிறார்கள்.

பதில்: ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம் என்பது கணக்கு. ஒன்பது அங்குலத்துக்கு ஒன்பது மாதம், மழை மாதங்கள் கணக்கில் வராது. தை மாதம் பூச்சைத் தட்டி, ஆடி வரை திறந்து போட்டு, ஆவணியில் பூசினால் ஐப்பசி மழைக்குள் ஓரளவு இறுகிவிடும். முழுக்கக் காயாவிட்டாலும் சுண்ணாம்புப் பூச்சு மீதி ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். எமல்ஷன் வேண்டாம், நீர்த்த சுண்ணாம்பு வெள்ளை மூன்று கை போதும்.

கேள்வி: எங்களுடையது 1975இல் சிமெண்ட் கலவையில் கட்டிய வீடு. இதே முறையா?

பதில்: வடிகால், மண்மட்டம், உப்பு எடுப்பது எல்லாம் இதேதான். கலவை மட்டும் சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. வெறும் சிமெண்ட் கலவையைவிட மென்மையாகவும் ஈரத்தை விடுவதாகவும் இருக்கும். கல்லைவிடக் கலவை கெட்டியாகிவிட்டால் அடுத்த தடவை உதிர்வது கல்லாகத்தான் இருக்கும்.