ஷவர் சுவருக்கு எந்த போர்டு? கேள்வி பதில்

மரச்சட்டச் சுவர் உள்ள வீடுகளுக்கான பதில்கள் இவை.

டொராண்டோவிலிருந்து: பழைய ஜிப்சம் போர்டைப் பிரித்தாகிவிட்டது. சிமென்ட் போர்டு அடித்தால் போதுமா?

போதாது. சிமென்ட் போர்டு நனைந்தால் அழுகாது, ஆனால் தண்ணீர் அதற்குள் ஊறி மறுபக்கம் போய்விடும். சட்டங்கள் 16 அங்குல இடைவெளியில் இருந்தால் அரை அங்குல போர்டு வாங்குங்கள். துருப்பிடிக்காத சிமென்ட் போர்டு ஸ்க்ரூவை 8 அங்குலத்துக்கு ஒன்றாக அடியுங்கள். ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம், துருவேறும். போர்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. விட்டு, தின்செட் (டைல்ஸ் ஒட்டும் சிமென்ட் கலவை) நிரப்பி, காரம் தாங்கும் மெஷ் டேப் பதியுங்கள். சாதாரண ஜிப்சம் மெஷ் டேப்பை சிமென்ட் காரம் அரித்துவிடும். தொட்டி விளிம்புக்கு மேல் 6 மி.மீ. விடுங்கள், ஊன்றி வைத்தால் போர்டு விளக்குத் திரிபோல் தண்ணீரை மேலே இழுக்கும். பிறகு வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு இரண்டு கோட், மூலைகளில் துணிப்பட்டையோடு. பூச்சை மெல்லிசாக இழுத்து டின்னை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹாரோவிலிருந்து: பச்சைத் தாள் ஒட்டிய ஜிப்சம் போர்டு, அதாவது பச்சை போர்டு, ஈரம் தாங்கும் என்கிறார்களே?

ஈரக்காற்றைத் தாங்கும். உள்ளே இருப்பது ஜிப்சம்தான். வாஷ்பேசின் சுவருக்குச் சரி, ஷவருக்குள் வேண்டாம்.

மறுபடி டொராண்டோ: போர்டுக்குப் பின்னால் பாலித்தீன் ஷீட், முன்னால் பூச்சு. இரட்டைப் பாதுகாப்பு என்கிறார் எங்கள் மேஸ்திரி.

இரண்டுக்கும் நடுவே மாட்டும் ஈரம் எந்தப் பக்கமாகக் காயும் என்று அவரிடம் கேளுங்கள். ஏதாவது ஒன்றுதான்.

அதே டொராண்டோக்காரர்: வெளிச்சுவரில் ஆவித்தடுப்பு ஷீட் கட்டாயமாயிற்றே!

இது நியாயமான கேள்வி. சில பூச்சுகள் நீராவியையும் நன்றாகத் தடுக்கும். டின்னோடு வரும் தாளில் பெர்ம் அளவை (நீராவி எவ்வளவு புகும் என்ற அளவு) பாருங்கள். பூச்சையே ஆவித்தடுப்பாக ஏற்பார்களா என்று, சுவரை மூடும் முன் நகராட்சி ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். ஷீட் இருந்தே ஆகவேண்டும் என்றால் அந்தச் சுவரில் பூச்சை விட்டுவிடுங்கள். ஷீட்டின் அடிமுனை தொட்டி விளிம்புக்கு வெளியே வந்து விழவேண்டும். விளிம்பின் பின்னால் முடிந்தால் தண்ணீர் மரத்துக்குத்தான் போகும். உங்கள் மேஸ்திரியோடு மேற்கொண்டு வாதாட எனக்குத் தெம்பில்லை.

மார்க்கமிலிருந்து: ஃபோம் போர்டு விலைக்குத் தகுமா?

தகும். எடை குறைவு, கத்தியாலேயே வெட்டலாம், போர்டே நீர் புகாதது. ஒழுகினால் இணைப்பிலோ ஸ்க்ரூ ஓட்டையிலோதான் ஒழுகும். ஆகவே ஸ்க்ரூவோடு வரும் ஒவ்வொரு வாஷர் தலையையும், ஒவ்வொரு இணைப்பையும் அந்தக் கம்பெனியின் பட்டை அல்லது சீலன்ட்டால் மூடுங்கள். கைப்பிடி மாட்டும் இடத்தில் சட்டங்களுக்கு நடுவே மரக்கட்டை வைத்துவிடுங்கள். ஃபோம் பளு தாங்காது.

கோவையிலிருந்து: எங்கள் வீடு செங்கல் சுவர்.

போர்டே வேண்டாம். சிமென்ட் பூச்சின் மேல் பாலிமர் வாட்டர்ப்ரூஃபிங், அதன்மேல் டைல்ஸ்.

ஈலிங்கிலிருந்து: டைல்ஸ் இடுக்கில் எபாக்ஸி க்ரௌட் போட்டால் பூச்சை விட்டுவிடலாமா?

கூடாது. சுவர் மூலையில் க்ரௌட் எதுவானாலும் விரிசல் விடும். அங்கே சிலிக்கான் போடுங்கள்.

வெம்பிளியிலிருந்து: பச்சை போர்டின் மேல் பூச்சு அடித்தால்?

மறுபடியும் பச்சை போர்டா! ஒட்டும் மெம்பிரேன் ஷீட் சிலவற்றுக்கு ஜிப்சம் போர்டு போதும் என்று கம்பெனி கையேட்டிலேயே இருக்கும். உங்கள் கையேட்டில் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ஹாரோக்காரருக்குச் சொன்னதுதான்.

ஸ்கார்பரோவிலிருந்து: ஷவர் தரை ஒழுகுமா என்று சோதிப்பது எப்படி?

டைல்ஸ் ஒட்டும் முன், பூச்சு முழுக்கக் காய்ந்த பிறகு, வடிகுழாயை ரப்பர் அடைப்பானால் அடைத்து வாசல் தடுப்புக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்புங்கள். பென்சிலால் மட்டம் குறித்து 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளக் கூரையையும் பாருங்கள்.