கன அளவு தெரியும், உயரம் தெரியாது

கேள்வி: தொடக்கநிலை 6இல் படிக்கும் என் மகள், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கொடுத்தால் கன அளவைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாள். கன அளவைக் கொடுத்து உயரத்தைக் கேட்டால் திகைத்துவிடுகிறாள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ நெருங்கும் நேரத்தில் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கன அளவு என்றாலே மூன்று எண்களைப் பெருக்குவது என்று பழகிவிட்ட பிள்ளைகளுக்கு இந்தத் திகைப்பு இயல்பானதே. மூன்று எண்களுக்குப் பதிலாக, அடிப்பரப்பு, உயரம் என்ற இரண்டின் பெருக்கமாக அதைப் பார்க்கப் பழக்குங்கள். அப்போது, கன அளவை அடிப்பரப்பால் வகுத்தால் உயரம் கிடைக்கும் என்பதைத் தனிச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

50 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள மீன்தொட்டியில் 18 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கொள்வோம். அடிப்பரப்பு 1,500 சதுர செ.மீ.; ஒரு லிட்டர் 1,000 கன செ.மீ. என்பதால் தண்ணீரின் கன அளவு 18,000 கன செ.மீ.; வகுத்தால் நீர்மட்டம் 12 செ.மீ. லிட்டரை மாற்றாமல் 18ஐ அப்படியே 1,500ஆல் வகுத்தால் 0.012 செ.மீ. என்று விடை வரும். பதினெட்டு லிட்டர் தண்ணீர் அந்தத் தொட்டியில் ஒரு தாளின் தடிமன் அளவுக்குத்தான் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள். மகளே பிழையைக் கண்டுபிடித்துவிடுவார்.

வகுத்தலைவிடக் கேள்வியைப் படிப்பதில்தான் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் கருத்து. கேட்கப்படுவது நீர்மட்டமா, தொட்டியின் உயரமா என்பதை முதலில் அடிக்கோடிடச் சொல்லுங்கள். மேற்கண்ட தொட்டியில் ஐந்தில் இரண்டு பங்குதான் தண்ணீர் என்றால், தொட்டியின் உயரம் 12ஐ 2ஆல் வகுத்து 5ஆல் பெருக்கக் கிடைக்கும் 30 செ.மீ. அதே தொட்டியில் ஒரு கல்லை முழுவதும் மூழ்கும்படி போட்டதும் நீர்மட்டம் 2 செ.மீ. உயர்ந்தால், உயர்ந்த பகுதியை மட்டும் அடிப்பரப்பால் பெருக்க வேண்டும்; கல்லின் கன அளவு 3,000 கன செ.மீ.

கனசதுரத்தில் இன்னொரு பொறி உண்டு. கன அளவு 216 கன செ.மீ. என்றதும், பக்கங்கள் மூன்றும் சமம் என்ற நினைப்பில் 3ஆல் வகுத்து 72 என்று எழுதிவிடுவார்கள். தன்னைத்தானே மூன்று முறை எடுத்துப் பெருக்கினால் 216 தரும் எண் 6. கணிப்பான் அனுமதிக்கப்படாத முதல் தாளை மனத்தில் வைத்து, 1 முதல் 10 வரையிலான எண்களின் கனங்களை மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

கேள்வி: உயர்நிலை 2இல் படிக்கும் என் மகனுக்குக் கூம்பின் உயரத்தைக் காணும் கணக்கில் மட்டும் விடை எப்போதும் சிறிதாகவே வருகிறது. ஏன்?
- ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: மூன்றில் ஒரு பங்கை மறந்திருப்பார். கூம்பின் கன அளவு, அதே அடியும் உயரமும் கொண்ட உருளையின் கன அளவில் மூன்றில் ஒன்று. ஆகவே, உயரம் காணும்போது கன அளவை முதலில் 3ஆல் பெருக்கிய பிறகே அடிப்பரப்பால் வகுக்க வேண்டும். ஆரம் 6 செ.மீ., கன அளவு 96π கன செ.மீ. என்றால், 288πஐ 36πஆல் வகுக்க உயரம் 8 செ.மீ. இந்தக் கூம்பின் சாய்வு உயரம், அதாவது உச்சியிலிருந்து அடிவட்டத்தின் விளிம்புவரை உள்ள நீளம், 10 செ.மீ. கேள்வியில் அதைக் கொடுத்துக் கன அளவைக் கேட்டிருந்தால், 10ஐ நேரடியாகப் பயன்படுத்தாமல், பித்தாகரஸ் தேற்றத்தின்படி 100இலிருந்து 36ஐக் கழித்து, 64இன் வர்க்கமூலமாகிய 8ஐத்தான் உயரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.