கொள்ளைநோய் வரலாறும் ஒரு வகுத்தல் கணக்கும்

அன்புள்ள ஐயா,

நான் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். அடுத்த ஆண்டு முதல் 'கொள்ளைநோய்களின் வரலாறு' என்று ஒரு புதிய பாடம் நடத்த விண்ணப்பித்திருக்கிறேன். வேறு துறை மாணவர்களும் பொதுக்கல்விக்காக இதை எடுக்கலாம். அதற்கு எழுத்து, எண்வழிச் சிந்தனை, பேச்சு, கூட்டுப்பணி ஆகிய திறன்களில் ஒன்றையாவது இந்தப் பாடம் கற்றுத்தருகிறது என்று பாடக்குழுவுக்குக் காட்ட வேண்டும். "நான்கிலும் டிக் அடித்துவிடுங்கள், அப்போதுதான் மாணவர்கள் நிறைய சேருவார்கள்" என்கிறார் சக ஆசிரியர். செமஸ்டர் கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை வைத்தால் எழுத்துக்கு அது போதாதா? இந்தத் திறன்களுக்கெல்லாம் நேரம் ஒதுக்கினால் வரலாறு நீர்த்துப்போய்விடும் என்றும் பயமாக இருக்கிறது. வகுப்பில் 40 பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்குக் கணக்கு என்றாலே ஆகாது.

எம்.

அன்புள்ள எம்.,

நான்கில் டிக் அடிக்காதீர்கள். உங்கள் பாடம் எந்தத் திறன் இல்லாமல் நடக்கவே நடக்காதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று போதும், மிஞ்சிப்போனால் இரண்டு. கொள்ளைநோய் வரலாற்றுக்கு எண்ணும் எழுத்தும் இயல்பாகவே வேண்டியிருக்கின்றன. பேச்சையும் கூட்டுப்பணியையும் விட்டுவிடுங்கள். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து ஒரு பவர்பாயின்ட் காட்டச் சொல்வதால் கூட்டுப்பணி கற்பிக்கப்பட்டதாக ஆகாது. யார் எதைச் செய்வது, கருத்து வேறுபட்டால் எப்படித் தீர்ப்பது என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அது கற்பித்தல். அதற்கு உங்களுக்கு நேரம் இருக்காது.

வரலாறு நீர்த்துப்போகும் என்ற பயத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். பாடம் ஒரு பக்கம், திறன் ஒரு பக்கம் என்று இரண்டாகப் பார்ப்பதால் வரும் பயம் அது. திறன் என்பது புதிதாக ஒட்டவைத்த சரக்கும் இல்லை. பொதுக்கல்வி பற்றி 1945-இல் வெளிவந்த ஹார்வர்ட் குழு அறிக்கை, தெளிவாகச் சிந்திப்பது, சிந்தித்ததைப் பிறருக்குச் சொல்வது, பொருத்தமாகத் தீர்மானிப்பது, மதிப்பீடுகளைப் பகுத்தறிவது ஆகியவற்றைத்தான் கல்வியின் குறியாக வைத்தது. அவற்றை வெறுமையில் கற்பிக்க முடியாது, ஏதாவது ஒரு பொருளை வைத்துத்தான் முடியும். உங்களுக்கு வாய்த்திருப்பதோ அருமையான பொருள்.

1854-இல் லண்டனில் வந்த காலராவை எப்படியும் நடத்தப்போகிறீர்கள். தெற்கு லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல், நகரத்துச் சாக்கடை கலக்காத இடத்துக்கு, தேம்ஸின் மேல்பகுதிக்கு மாறிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸால் கம்பெனி பழைய இடத்திலேயே நீர் எடுத்துக்கொண்டிருந்தது. காலரா நீர் வழியாகப் பரவுகிறது என்று கருதிய மருத்துவர் ஜான் ஸ்னோ, சாவு நடந்த வீடுகளுக்கு எந்தக் கம்பெனி நீர் போனது என்று வீடு வீடாக விசாரித்தார். சவுத்வார்க் கம்பெனி நீர் போன 40,046 வீடுகளில் 1,263 சாவுகள். லாம்பெத் நீர் போன 26,107 வீடுகளில் 98.

இந்த நான்கு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, "இதிலிருந்து என்ன சொல்லலாம்?" என்று கேளுங்கள். பலர் 1,263-ஐ 98-ஆல் வகுத்து, பதின்மூன்று மடங்கு என்பார்கள். வீடுகளின் எண்ணிக்கை சமமில்லையே என்று ஒருவராவது சொல்லும்வரை காத்திருங்கள். பிறகு பத்தாயிரம் வீட்டுக்கு எத்தனை என்று போட்டால், ஒரு பக்கம் 315, இன்னொரு பக்கம் 37. பதின்மூன்று மடங்கு எட்டரை மடங்காக இறங்கிவிடுகிறது. அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: இந்த ஒப்பீடு நியாயமானதுதானா? ஒரு கம்பெனி பணக்காரர்களுக்கும் மற்றது ஏழைகளுக்கும் நீர் கொடுத்திருந்தால் இந்த எண்களுக்கு என்ன மதிப்பு? அங்கேதான் ஒரே தெரு, பக்கத்துப் பக்கத்து வீடு என்ற விவரத்துக்கு உயிர் வருகிறது. இவ்வளவும் எண்வழிச் சிந்தனைதான். இதில் எந்த இடத்தில் வரலாறு நீர்த்துப்போனது?

எழுத்துக்கும் அதே ஆண்டிலேயே ஒரு பொருள் கிடைக்கிறது. லண்டன் பிராட் தெருவில் மக்கள் குடிநீர் எடுத்த பம்பின் கைப்பிடியைக் கழற்றியதும் காலரா நின்றது என்ற கதையை உங்கள் மாணவர்களில் சிலர் ஏற்கனவே கேட்டிருப்பார்கள். ஸ்னோ தந்திருக்கும் நாள்வாரிப் பட்டியலை அவர்கள் கையில் கொடுங்கள். பின்னர் இறந்துபோனவர்களில், செப்டம்பர் 1-இல் நோய் கண்டவர்கள் 143 பேர். கைப்பிடி கழற்றப்பட்ட செப்டம்பர் 8-இல் 12 பேர். கழற்றும் முன்பே நோய் அடங்கிக்கொண்டிருந்தது. ஸ்னோவே அதை மறைக்கவில்லை. மக்கள் அந்தப் பகுதியைக் காலிசெய்து போனதையும் சொல்லி, நீரை நிறுத்தியதால்தான் நின்றது என்று தீர்மானமாகச் சொல்ல முடியாது என்றே எழுதினார். "கைப்பிடியைக் கழற்றியது எதைச் சாதித்தது?" இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள். இணையத்திலிருந்து அப்படியே எடுத்துவைக்கும் பதில் பட்டியலோடு ஒத்துப்போகாது என்பதால், மாணவர் தானே யோசித்தாக வேண்டும்.

சரி, கடைசியில் ஒரு நீண்ட கட்டுரை போதுமா? போதாது. இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். செமஸ்டர் கடைசி வாரத்தில் வாங்கும் இருபது பக்கக் கட்டுரை எழுத்தைச் சோதிக்கிறது, கற்பிக்கவில்லை. நீங்கள் சிவப்பு மையில் எழுதுவதைப் படிக்க மாணவர் திரும்பி வருவதும் இல்லை. எழுதி, கருத்துக் கேட்டு, திருத்தி எழுதும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை மூன்றாவது வாரத்தில் எழுதவைத்து ஐந்தாவது வாரத்தில் திருத்தி எழுதவைத்தால், அது அந்த இருபது பக்கத்தைவிட அதிகம் செய்யும். இப்படி மூன்று முறை வைத்தால் செமஸ்டர் நிறைந்துவிடும்.

அதனால் சிலபஸை முதல் வாரத்திலிருந்து எழுதத் தொடங்காதீர்கள். கடைசியில் மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். அதைச் செய்ய அவருக்கு என்னென்ன பழக்கம் வேண்டும், எந்த வாரத்தில் எதைச் செய்துபார்க்க வேண்டும் என்று பின்னோக்கி வாருங்கள். எந்த நோய்களை நடத்துவது என்பது கடைசியாக வரட்டும். அமெரிக்கக் கல்வியாளர்கள் கிராண்ட் விக்கின்ஸும் ஜே மெக்டைகும் 1998-இல் விளக்கி எழுதிய பிறகு இந்த முறை பரவலாகிவிட்டது. நம்மில் பெரும்பாலோர் இன்னும் தலைகீழாகத்தான் போகிறோம்: முதலில் அத்தியாயங்கள், கடைசியில் அவசரமாக ஓர் அசைன்மென்ட்.

இப்படிச் செய்தால் சிலதை வெட்டத்தான் வேண்டும். பத்து கொள்ளைநோய்கள் நடத்த நினைத்திருந்தால் நான்கோ ஐந்தோதான் மிஞ்சும். உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரியும். ஆனால் பத்தையும் கேட்டுவிட்டு எதையும் வைத்து வாதாடத் தெரியாமல் போகிறவரைவிட, நான்கைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தவர் ஐந்தாவதைத் தானே படித்துக்கொள்வார். வேறு துறைக்குத் திரும்பிப் போகப்போகிற மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

பாடக்குழு விண்ணப்பத்தில் "மாணவர்கள் விமர்சனச் சிந்தனையை வளர்த்துக்கொள்வார்கள்" என்று எழுதாதீர்கள். எந்தப் பாடத்துக்கும் பொருந்தும் வாக்கியம் அது. இப்படி எழுதலாம்: "இரண்டு இடங்களின் சாவு எண்ணிக்கையைக் கொடுத்தால், மாணவர் அவற்றை ஒப்பிடத்தக்க வீதமாக மாற்றி, அதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்று ஒரு பக்கத்தில் எழுதுவார்." படிக்கிறவர்களுக்கு உடனே வகுப்பறை கண்ணில் தெரியும். எந்த வாரம், எந்த அசைன்மென்ட், எத்தனை மதிப்பெண் என்றும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். திறனுக்கு மொத்தத்தில் 5 மதிப்பெண் என்று வைத்தால் மாணவர்களும் அதை அந்த அளவுக்குத்தான் மதிப்பார்கள்.

40 பேர் என்கிறீர்கள். ஒரு கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். மூன்று கட்டுரை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் என்றால் அறுபது மணி நேரம். யாராலும் முடியாது. முதல் வடிவத்தில் எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. வாதம் என்ன, அதற்கு ஆதாரம் என்ன என்ற இரண்டை மட்டும் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் முடியும். எழுத்துப்பிழை திருத்துவதில் முழு நேரத்தையும் கொடுத்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பு 2009-இல் வெளியிட்ட எழுத்து மதிப்பீட்டு அளவுகோலில் ஐந்து வரிசைகள் உண்டு. சூழலும் நோக்கமும், உள்ளடக்கம், துறையின் மரபுகள், ஆதாரங்கள் ஆகிய நான்குக்குப் பிறகு ஐந்தாவதாகத்தான் மொழிநடையும் பிழையின்மையும். அதை அப்படியே மதிப்பெண் போடும் தாளாக்கிவிடாதீர்கள், அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஆனால் உங்கள் கவனத்தை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு நல்ல வழிகாட்டி.

மாணவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் படிக்கட்டும். "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் "நன்றாக இருக்கிறது" என்றுதான் எழுதுவார்கள். "கட்டுரையின் முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள், அதை எந்த எண் தாங்குகிறது என்று அடிக்கோடிடுங்கள்" என்று கேளுங்கள். அடிக்கோடிட ஒன்றும் அகப்படவில்லை என்றால், எழுதியவருக்கு நீங்கள் சொல்லாமலே புரியும்.

கணக்கு ஆகாதவர்களைப் பற்றி: உங்களுக்கு வேண்டியது வகுத்தலும் வீதமும் மட்டுமே. கால்குலேட்டரைத் தாராளமாக அனுமதியுங்கள். லாம்பெத் கணக்கை முதல் வாரமே, மதிப்பெண் இல்லாமல், வகுப்பில் சேர்ந்து போட்டுப் பாருங்கள். கணக்குக்குப் பயப்படும் மாணவர்களில் பலருக்கு வகுக்கத் தெரியும். எதை எதால் வகுப்பது, ஏன் வகுப்பது என்பதில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். அதைச் சொல்லித்தரக் கணக்காசிரியர் தேவையில்லை, செத்தவர்கள் யார், எங்கே குடியிருந்தார்கள், என்ன நீர் குடித்தார்கள் என்று கேட்கத் தெரிந்த நீங்களே போதும்.