மீனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பூனை

கேள்வி: எங்கள் பூனை பொன்னிக்கு ஏழு வயது. மூன்று வாரமாக வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது. படுத்த இடமெல்லாம் ஈரம், கழுத்து முடி சிக்குப் பிடித்துவிட்டது, வாய் நாறுகிறது. மீன் கழுவினால் ஓடி வருகிறாள்; தட்டில் வைத்ததும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறாள். பால்சோற்றை மட்டும் கொஞ்சம் நக்குகிறாள். குட்டியாக இருந்தபோது ஒரு தடவை வெறிநோய்த் தடுப்பூசி போட்டதோடு சரி. வெறிநோயாக இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வலிக்குக் குழந்தைகளுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தைக் கொடுக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா? - வாசகி, பாளையங்கோட்டை.

பதில்: அந்தச் சொட்டு மருந்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அதனால் அது நச்சாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு 40 மில்லிகிராமே ஆபத்தாக முடியலாம். குழந்தைகளுக்கான பல சொட்டு மருந்துகளில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிறது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படித்து முடிக்க வேண்டாம். மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

அடுத்து வெறிநோய். உங்கள் வீட்டாரின் பயம் நியாயமானது. பூனைக்கும் வெறிநோய் வரும், அப்போது எச்சிலும் ஒழுகும். ஆனால் அறிகுறி தொடங்கிய பூனை பொதுவாகப் பத்து நாளைத் தாண்டாது. அதற்குள் அதன் குணமே மாறிவிடும்: பழகிய ஆளைப் பாய்ந்து கடிக்கும், அல்லது இருட்டில் ஒண்டிக்கொள்ளும், நடை தள்ளாடும், தாடை தொங்கும், விழுங்க முடியாது. மூன்று வாரமாகியும் பொன்னி மீன் வாசனைக்கு ஓடி வருகிறாள், உங்களை அடையாளம் தெரிந்து பழகுகிறாள். ஆகவே வெறிநோய் என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் தடுப்பூசி விட்டுப்போன பூனை என்பதால், நேரில் பார்க்கும்வரை அவள் வாய்க்குள் விரலை விட வேண்டாம். எச்சில் பட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். யாரையாவது கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இதில் மட்டும் நாளைக்குப் பார்ப்போம் என்பது கூடாது.

அப்படியானால் பொன்னிக்கு என்ன? உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் மீன் தட்டுதான். குமட்டல் உள்ள பூனை மீன் வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பொன்னிக்குப் பசி இருக்கிறது, ஓடி வருகிறாள். கடிக்க வேண்டும் என்றதும் பின்வாங்குகிறாள். வாய் வலிக்கிற பூனை இப்படித்தான் செய்யும். விழுங்கினால் வலிக்கிறது என்பதால் எச்சிலை விழுங்காமல் விட்டுவிடுகிறது. நமக்கு எச்சில் அதிகமாகச் சுரப்பதுபோலத் தெரிகிறது. பல சமயம் சுரப்பு வழக்கம்போலத்தான் இருக்கும், உள்ளே போகாததால் வெளியே வருகிறது.

ஏழு வயதில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பல்லையும் ஈறையும். பூனைக்கு 30 பற்கள். மனிதருக்கு வருவதுபோலச் சொத்தை அவற்றுக்கு அதிகம் வருவதில்லை. அதற்குப் பதிலாக, ஈறு ஓரத்தில் பல்லை உடம்பே அரித்துக் கரைத்துவிடும் ஒரு நோய் உண்டு. வெளியே சிறு சிவப்புப் புள்ளியாகத் தெரியும்; உள்ளே நரம்பு திறந்து கிடக்கும். இன்னொன்று வாய் முழுக்கப் பரவும் அழற்சி. கடைவாய்க்குப் பின்னால் சதை ரத்தச் சிவப்பாகப் புடைத்திருக்கும், தொட்டால் ரத்தம் வரும். கொட்டாவி விடும்போதே கத்துகிற பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே சாப்பிட்டுவிடும். சில வாரத்தில் திரும்ப எச்சில் ஒழுகும், திரும்ப ஊசி. இப்படியே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. அதற்குள் சர்க்கரை நோய் வந்துவிட்ட பூனைகளும் உண்டு. என் கருத்து: நோயுற்ற பற்களை மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிடுவதே நல்லது. வாய் முழுக்க அழற்சி என்றால் கடைவாய்ப் பற்களை எல்லாம், சிலசமயம் எல்லாப் பற்களையும் எடுக்க வேண்டிவரும். கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஆனால் பல்லில்லாத பூனை மென்மையான உணவைத் தாராளமாகச் சாப்பிடும். வலி போனதும் பழையபடி விளையாடும். சிலவற்றுக்கு அதன் பிறகும் மருந்து தொடர வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மயக்கம் கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை அவசியம். சிறுநீரகம் பழுதானாலும் நாக்கில் புண் வந்து எச்சில் ஒழுகும், வாய் நாறும். பொன்னி சமீபத்தில் அதிகம் தண்ணீர் குடிக்கிறாளா, மண்ணில் அதிகம் சிறுநீர் கழிக்கிறாளா என்று கவனித்துச் சொல்லுங்கள். வயதான பூனைக்கு நாக்கின் அடியில் புற்றுக்கட்டி வருவதும் உண்டு. இவையெல்லாம் நேரில் பார்த்துத்தான் தெரியும்.

நாக்கின் அடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பாட்டி பூனையைக் கூடையில் கொண்டுவந்தார். இரண்டு நாளாக எச்சில், வாந்தி. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினால், அடியில் பூ கட்டும் நூல் சுற்றி இறுகியிருந்தது. மறுமுனை குடலுக்குள் போயிருந்தது. அதை இழுத்திருந்தால் குடலை அறுத்திருக்கும். அறுவை செய்துதான் எடுத்தோம். பூ கட்டுகிற வீட்டிலும் தையல் மெஷின் உள்ள வீட்டிலும் பூனை இருந்தால் நூலை மூடி வையுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள்.

எச்சில் ஒழுகினாலே நோய் என்பதில்லை. மடியில் படுத்து, முன்கால்களால் மாவு பிசைவதுபோல மிதித்து, குர்குர் என்று சத்தமிட்டபடி ஜொள்ளு விடும் பூனை சந்தோஷத்தில் இருக்கிறது. எழுந்து போனால் நின்றுவிடும். கசப்பு மருந்து நாக்கில் பட்டால் சில நிமிடம் நுரை தள்ளும். கார்ப் பயணத்திலும் ஒழுகும். மணி பிளாண்ட் இலையைக் கடித்தாலோ, மழைக்காலத்தில் தேரையைக் கவ்வினாலோ திடீரென்று கொட்டும். வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கவனியுங்கள். நிற்கவில்லை, அல்லது பூனை சோர்ந்துவிட்டது என்றால் காட்டிவிடுவது நல்லது.

ராத்திரி என்றாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, உடம்பு நடுங்குவது, தாடை மூடாமல் நிற்பது, முகம் வீங்குவது. மின்கம்பியைக் கடித்திருந்தாலும் அப்படியே. நாயின் கழுத்தில் விடும் சில உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். தெரியாமல் விட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிட்டு ஓடி வாருங்கள். எந்த விஷத்துக்கும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். உப்பே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

பொன்னியின் நிலை நள்ளிரவு அவசரம் இல்லை. ஆனால் இன்னும் ஒரு வாரம் தள்ளக்கூடியதும் இல்லை. நாளை அல்லது மறுநாள் காட்டுங்கள். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் கொஞ்சம் பருமனான பூனை என்றால், ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிரைப் பறிக்கும். நக்குவதையும் நிறுத்திவிட்டால் அன்றைக்கே கிளம்புங்கள். அதுவரை மீனை உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, முள் ஒன்றுகூட இல்லாமல் எடுத்து, கூழாக மசித்து வெதுவெதுப்பாக வையுங்கள். பால்சோற்றில் அவளுக்குச் சத்து போதாது.

உங்களுக்கு ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். பூனை புது இடத்தில் பயந்து ஒண்டிக்கொள்ளும், டாக்டர் முன்னால் சாப்பிட்டுக் காட்டாது. அதனால் போவதற்கு முன், அவள் மீன் தட்டுக்கு ஓடி வந்து திரும்பிப் போவதைக் கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் காட்டுங்கள்.