ஃபைல் ஒண்ணு, கை அஞ்சு

கேள்வி: நான் அரசுப் பள்ளியில பிளஸ் ஒன் டீச்சர். எங்க ஊர் கண்மாய் பத்தி அஞ்சு பேர் சேர்ந்து எழுதுங்கன்னு கூகுள் டாக்ஸ்ல ஒரு ஃபைல் போட்டுக் கொடுத்தேன். மூணாவது நாள் பார்த்தா பாதியைக் காணோம். கேட்டா எல்லாரும் "நான் இல்ல மிஸ்"ங்குறாங்க, ஒரு பொண்ணு "எல்லாம் நான்தான் எழுதினேன்"னு அழுவுறா. பேசாம பேப்பர்லயே எழுதச் சொல்லிடவா?
– வாசகி, சிவகங்கை மாவட்டம்

போனது எங்கயும் போகல டீச்சர், பதறாதீங்க. கம்ப்யூட்டர்ல திறந்து ஃபைல் மெனுவுக்குள்ள வெர்ஷன் ஹிஸ்டரின்னு இருக்கும் பாருங்க, எந்த நேரத்துல யாரு எதைச் சேர்த்தாங்க எதை அழிச்சாங்கன்னு ஆளுக்கொரு கலர்ல காட்டும். ஆனா ரிஸ்டோர் பட்டனை அவசரப்பட்டு அமுக்காதீங்க, அமுக்குனா அதுக்கப்புறம் மத்த பிள்ளைங்க எழுதினதும் ஃபைலை விட்டுப் போயிடும், அதனால பழைய வெர்ஷன்ல இருந்து காணாமப் போன பகுதியை மட்டும் காப்பி பண்ணி இப்ப இருக்குற ஃபைல்ல ஒட்டுங்க.

யாரு அழிச்சதுங்கறது தான் சிக்கல். லிங்க் வெச்சிருக்குற யாரும் எடிட் பண்ணலாம்னு திறந்து விட்டிருந்தீங்கன்னா, லாகின் பண்ணாம வந்தவங்க பேரே தெரியாது. நம்ம பிள்ளைங்கள்ல நிறைய பேரு அப்பா வேலை முடிஞ்சு வந்தப்புறம் அவரு போன்ல தான் எழுதுறாங்க, அப்ப ஹிஸ்டரில அப்பா பேரு தான் நிக்கும். யாரு எந்த மெயில்ல வர்றாங்கன்னு முதல் நாளே நோட்ல குறிச்சு வெச்சிடுங்க.

அஞ்சு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சுட்டு ஹிஸ்டரியைத் திறங்க, தயவுசெஞ்சு போலீஸ் விசாரணை ஆக்கிடாதீங்க. போன்ல விரல் பட்டு மொத்தமா செலக்ட் ஆகி அழிஞ்சு போறது ரொம்ப சாதாரணம். ஒரே நிமிஷத்துல இருபது வரி வந்து விழுந்திருந்தா காப்பின்னு முடிவு கட்டவும் வேணாம், நோட்ல எழுதிப் பார்த்துட்டு அடிச்சிருக்கலாம். ஒரு எழுத்து கூட அடிக்காத பையன் தான் கண்மாய்க் கரையில நடந்து மடையை எண்ணிட்டு வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருப்பான், அது எந்த ஹிஸ்டரிலயும் வராது, நீங்க கேட்டா தான் தெரியும்.

பேப்பருக்குத் திரும்ப வேணாம். ஆளுக்கொரு தலைப்பு கொடுங்க, அடுத்தவங்க எழுதினதுல கை வைக்கணும்னா நேரா மாத்தாம யோசனையா மட்டும் காட்டுற சஜெஸ்டிங் மோடுல மட்டும் தான்னு சொல்லிடுங்க. எடிட் உரிமை இருக்குற யாராவது ஒத்துக்கிட்டா தான் அந்தத் திருத்தம் உள்ள போகும், எழுதினவங்களே பார்த்து ஒத்துக்கணும்னும் சொல்லி வைங்க.

கேள்வி: கூகுள் டாக்ஸ்ல ஒரே வரில ரெண்டு பேரு அடிச்சாலும் குழம்பாம எப்படி வருது?
– கல்லூரி மாணவர், கோவை

1989-ல எல்லிஸ், கிப்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதின வழி தான் இதுக்கு அடிப்படை. நீங்க பத்தாவது எழுத்தை அழிக்கிற அதே நொடில உங்க நண்பர் மூணாவது இடத்துல ஒரு எழுத்து சேர்த்துட்டாருன்னு வைங்க, நீங்க சொன்ன பத்து இப்ப பதினொண்ணு ஆயிடுச்சுன்னு டாக்ஸே கணக்கை மாத்திட்டு சரியான எழுத்தை அழிக்கும், அவ்வளவு தான்.

கேள்வி: ஆபீஸ் சுற்றறிக்கை எல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்கு. டாக்ஸ்ல ஒட்டினா கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வருது. எல்லாரும் சேர்ந்து திருத்த வழி இருக்கா?
– வாசகர், சென்னை

பாமினில 'அ' அடிக்கும்போது உள்ள போறது இங்கிலீஷ் 'எம்' தான் சார், அது மேல அந்த ஃபான்ட் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுது. டாக்ஸ்ல அந்த ஃபான்ட் இல்ல, போர்வை விலகிடுது. பழைய ஃபைலை ஒரு கன்வர்ட்டர்ல போட்டு, தமிழ் எழுத்தைத் தமிழாவே சேமிக்கிற யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் ஒட்டுங்க, மாத்தினதை ஒருத்தர் ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பார்க்கணும், அங்கங்க எழுத்து பிசகும். டைப் அடிக்கிறவங்க இத்தனை வருஷம் பழகின விரலை மாத்தணுமேன்னு பயப்படுவாங்க, அவங்களுக்கு என்எச்எம் ரைட்டர்ங்கற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுங்க, அதே பாமினி கீபோர்டுல அடிச்சாலும் யூனிகோடா தான் வரும்.