பிப்ரவரியில் எட்டு நாள், உடன் அப்பா அம்மா: மாசாய் மாராவா, செரெங்கெட்டியா?

எட்டு நாள் விடுமுறை, பிப்ரவரி மாதம், அறுபது கடந்த அப்பா அம்மா உடன் வருகிறார்கள்; காட்டு விலங்குகளைப் பார்க்கக் கென்யாவின் மாசாய் மாரா காப்பகமா, தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவா என்று கேட்டிருக்கிறீர்கள். பிப்ரவரி என்றால் தயங்காமல் தான்சானியாவுக்குப் போங்கள். இதையே ஆகஸ்டு என்று கேட்டிருந்தால் கென்யா என்றிருப்பேன்.

உண்மையில் இரண்டும் ஒரே புல்வெளி. எல்லைக்கோடு மனிதர்களுக்குத்தான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகளும் (மாடு போன்ற பெரிய மான் இனம்), அவற்றோடு பெருங்கூட்டமாக வரிக்குதிரைகளும், மழை பெய்த பக்கம் புல்லைத் தேடி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜூலைக் கடைசி முதல் அக்டோபர் வரை அவை வடக்கே, மாரா ஆற்றை ஒட்டி இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே, தான்சானியாவில் என்டுட்டு ஏரியைச் சுற்றிய வெளியில் இருக்கும். ஆகவே முதலில் மாதத்தைப் பாருங்கள், நாட்டை அதன் பிறகு முடிவு செய்யலாம்.

மாரா ஆற்றைக் கூட்டம் கடப்பதை நான் ஓர் ஆகஸ்டில் பார்த்தேன். நான்கு மணி நேரம் கரையில் காத்திருந்தோம். இறங்கும் இடத்தை வண்டிகள் அடைத்துக்கொண்டதால் முன்னே வந்த விலங்குகள் மிரண்டு திரும்பி ஓடின. அன்று எனக்கு மனம் கனத்துப்போனது. மறுநாள் கடந்தபோது உடல் சிலிர்த்தது என்பதும் உண்மை. ஆனால் என் நெஞ்சில் நிற்பது என்டுட்டுவில் ஒரு காலை நேரம். ஈரம் காயாத கன்று ஒன்று மூன்று முறை விழுந்து, நான்காவது முறை நின்று, சில நிமிடங்களில் தாயோடு ஓடத் தொடங்கியது. நூறடி தள்ளி ஒரு கழுதைப்புலி உட்கார்ந்திருந்தது. வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

கன்று போட அவை அந்த இடத்தைத் தேடி வருவதற்குக் காரணம் எரிமலைச் சாம்பல். அது படிந்த மண்ணில் முளைக்கும் குட்டைப்புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் மிகுதி. பால் சுரக்க அது வேண்டும். புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வரும் எதிரியும் தூரத்திலேயே தெரிந்துவிடும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கின்றன. சிங்கமும் சிவிங்கிப்புலியும் எத்தனை தின்றாலும் மிச்சம் இருக்கும் அளவுக்குச் சேர்ந்தே பிறக்கின்றன.

மாராவைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்குள்ள சிங்கங்கள் எங்கும் போய்விடுவதில்லை. சுமார் 1,500 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய காப்பகம் என்பதால் விலங்குகள் சீக்கிரம் கண்ணில் படும். செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர். எந்தப் பகுதியில் தங்குகிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். நடுப்பகுதியான செரொனெராவில் மட்டும் அறை எடுத்துத் தருகிறேன் என்று முகவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என்டுட்டுவில் குறைந்தது மூன்று இரவு கேளுங்கள்.

பயணம் தொடங்கும் தான்சானிய நகரமான அருஷாவிலிருந்து சாலை வழி நீளமானது, பிற்பாதி குலுக்கி எடுக்கும். அம்மாவுக்கு முதுகுவலி இருந்தால் போகும்போதாவது சிறு விமானத்தில் போங்கள். திரும்பும்போது ங்கொரொங்கொரோ என்ற பழைய எரிமலையின் பெரும்பள்ளத்தில் ஒரு நாள் வையுங்கள். அதன் விளிம்பு 2,000 மீட்டருக்கு மேல்; இரவில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது.

எட்டு நாளில் இரண்டு நாடுகளையும் சேர்க்க நினைக்க வேண்டாம். மாராவையும் செரெங்கெட்டியையும் நேராக இணைக்கும் எல்லை 1977 முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியே இருக்கிறது. மேற்கே இசெபானியா என்ற எல்லை ஊர் வழியாகச் சுற்றினால் ஒரு பகல் போய்விடும்.

இன்னொன்று, உங்கள் பெற்றோரின் வயதுக்காகச் சொல்கிறேன். கென்யாவிலிருந்து திரும்புபவர்களிடம் இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். பயணத்துக்குப் பத்து நாள் முன்பே அதைப் போட்டாக வேண்டும், அறுபதைக் கடந்தவர்களுக்கோ அந்த ஊசியில் ஆபத்து சற்று அதிகம். நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ விமானம் மாறினாலும் இந்தக் கேள்வி எழலாம். அதைத் தவிர்க்க, வளைகுடா நாடுகள் வழியாகத் தான்சானியாவின் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கும்படி டிக்கெட் பாருங்கள். எதற்கும் பதிவு செய்யும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.